வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு இடுப்பு வலியா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல், மே முழுக்கக் கோடைப் பயிற்சி முகாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கள் பிசியோதெரபி அறை வாசலில் கிரிக்கெட் கிட் பையோடு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும். எல்லாருக்கும் இடுப்பு வலி. கூட வரும் அப்பா அம்மா கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குப் பழக்கம் வேகப்பந்து வீச்சு என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால், மல்லர் கம்பம், ஈட்டி எறிதல், போட்டி யோகா என்று இடுப்பைப் பின்னால் வளைக்கிற எந்த விளையாட்டுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

வெறும் பிடிப்புதானே சார்? எண்ணெய் போட்டு நீவி விட்டால் போகாதா?

நாற்பது வயதில் உங்களுக்கு வந்தால் அப்படி நினைக்கலாம். பதினைந்து வயதில் விளையாடுகிற பையனுக்கு அப்படி நினைத்துவிடாதீர்கள். 1995-இல் அமெரிக்காவில் மிக்கேலி, வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஒப்பீடு வெளியிட்டார்கள். இடுப்பு வலியோடு விளையாட்டு மருத்துவப் பிரிவுக்கு வந்த 100 இளம் வயதினரையும், இடுப்பு வலி வந்த 100 பெரியவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். இளையவர்களில் 47 பேருக்கு முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் உண்டாகும் விரிசல். பெரியவர்களில் 5 பேருக்குத்தான் அது இருந்தது. டிஸ்க், அதாவது முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, அதன் கோளாறு அப்படியே தலைகீழ். இளையவர்களில் 11, பெரியவர்களில் 48.

அது சிறப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கணக்கு. மைதானத்தில் விளையாடுகிற எல்லாப் பிள்ளைகளையும் எடுத்தால் பாதிப் பேருக்கு விரிசல் இருக்காது. தசைப்பிடிப்பும் வரத்தான் செய்யும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். வளரும் பிள்ளைக்கு விளையாடும்போது வருகிற இடுப்பு வலி இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதை எலும்பு வலியாகவே நடத்த வேண்டும்.

சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் முதுகை முறுக்கி 'டக்' என்று சத்தம் வர வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விரிசல் விட்ட எலும்புக்கு அது கெடுதல்.

கீழே விழவே இல்லையே, எலும்பு எப்படி விரிசல் விடும்?

ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறது அல்லவா, அதே மாதிரிதான். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் பின்பக்கம் இடமும் வலமும் ஒரு சின்ன எலும்புப் பாலம் உண்டு. டாக்டர்கள் அதைச் சுருக்கமாக 'பார்ஸ்' என்பார்கள். மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கிற மெல்லிய பகுதி அது. அங்கே விரிசல் விழுந்தால் ஸ்பாண்டிலோலைசிஸ். இடுப்பின் ஐந்தாவது கண்ணியான எல்5-இல்தான் அதிகம், அதற்கடுத்து எல்4.

வலது கையால் வீசும் பையனைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பந்தை விடுவதற்குச் சற்று முன் இடது கால் தரையில் குத்துகிறது. உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு விசை அந்தக் காலின் வழியே மேலே ஏறுகிறது. அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து, இடது பக்கம் சாய்ந்து, முறுக்கியும் கொள்கிறது. மூன்று அசைவும் சேர்ந்து இடது பக்கத்துப் பாலத்தை நசுக்குகின்றன. வலது கைப் பந்துவீச்சாளர்களுக்கு விரிசல் பெரும்பாலும் இடது பக்கம் வருவதும், இடது கைக்காரர்களுக்கு வலது பக்கம் வருவதும் இதனால்தான். பதினான்கு பதினைந்து வயதில் உயரம் கிடுகிடுவென்று ஏறும், ஆனால் அந்த எலும்பு இன்னும் முற்றியிருக்காது. சிமென்ட் பிட்ச்சில் வீசுகிற நம் பிள்ளைகளுக்குக் கால் வைக்கிற இடமும் கல் மாதிரி இருக்கும்.

வீட்டிலேயே எப்படிச் சந்தேகப்படுவது?

போன சீசனில் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பதினைந்து வயது, நல்ல உயரம். "எங்கேப்பா வலிக்குது?" என்று கேட்டேன். பெரியவர்கள் உள்ளங்கையால் இடுப்பு முழுக்கத் தடவிக் காட்டுவார்கள். அவன் கையைப் பின்னால் கொண்டுபோய், பேண்ட் பெல்ட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, இடது பக்கம், கட்டைவிரல் நுனியால் ஒரே புள்ளியை அழுத்திக் காட்டினான். குனியச் சொன்னேன், சிரமமே இல்லாமல் தரையைத் தொடப் போனான், தொடைப் பின்தசை மட்டும் இழுத்துப் பிடித்தது. இடது காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னேன். பாதியிலேயே நின்றுவிட்டான், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவன் அப்பா அதுவரை "சோம்பேறித்தனம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் பேசவில்லை.

ஒற்றைக் காலில் வளைத்துப் பார்ப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வலி இருந்தாலும் விரிசல் இல்லாமல் போகலாம், வலிக்காமலும் விரிசல் இருக்கலாம். சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறு சில. எப்போது ஆரம்பித்தது என்று பையனுக்கே தெரியாது. வீசும்போது வலிக்கும், இரண்டு நாள் ஓய்வெடுத்தால் காணாமல் போகும், மறுபடி நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், நான்கு ஓவர் போட்டதும் திரும்பி வரும். இந்தக் 'காணாமல் போவது'தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. குனிந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்குகிறது என்றால் டிஸ்க் பக்கம் யோசிக்க வேண்டும்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்?

சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை அல்லது வரவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது, கால் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, காய்ச்சலோடு வருகிறது, காரணமில்லாமல் உடல் மெலிகிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் முதுகெலும்பு காசநோயை மறக்கவே கூடாது. எலும்புக் கட்டிகளும் இந்த வயதில் வரும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் மூட்டழற்சி வகை நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன?

எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. முதலில் எலும்புக்குள் நீர் கோர்க்கிறது, பிறகு மயிரிழை விரிசல், அதன் பிறகுதான் முழு உடைவு. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் கடைசிக் கட்டம். நாம் பிடிக்க வேண்டியது முதல் கட்டத்தை. அதைக் காட்டுவது எம்ஆர்ஐ. அதில் கதிர்வீச்சும் இல்லை. விரிசல் எவ்வளவு ஆழம், சேர்ந்துவிட்டதா என்று துல்லியமாகப் பார்க்க சிடி ஸ்கேன் உதவும், ஆனால் வளரும் பிள்ளைக்கு அந்தக் கதிர்வீச்சை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஸ்கேன் எழுதித் தரும் டாக்டரிடம், "பையன் வேகப்பந்து வீசுகிறான், பார்ஸ் பகுதியைப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பையனின் ரிப்போர்ட்டில் 'எல்5-எஸ்1 லேசான டிஸ்க் பல்ஜ்', அதாவது எல்5-க்குக் கீழே இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று மட்டும் இருந்தது. வீட்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று பயந்து, டிஸ்க்குக்கான பயிற்சி என்று குப்புறப் படுத்து முதுகை நிமிர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்ய வைத்திருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து அதே படங்களை வேறொரு ரேடியாலஜிஸ்ட் பார்த்தார். இடது பார்ஸில் நீர்க்கோர்ப்பு அன்றைக்கே இருந்தது. யாரும் அங்கே தேடவில்லை, அவ்வளவுதான். லேசான பல்ஜ் வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் இருக்கும்.

எத்தனை நாள் ஓய்வு?

பந்துவீச்சுக்கு ஏறக்குறைய மூன்று மாதம். மேட்ச்சில் முழு வேகத்தில் வீச ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகலாம். இதைச் சொல்லும்போது பையன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் குறைத்துச் சொல்ல முடியாது.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாமல் வைத்தியம் பார்த்த இளம் வயதினர் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கணக்கு வந்தது. ஒரு வருடம் கழித்து 100-க்கு 84 பேர் வலி நீங்கி நன்றாக இருந்தார்கள். எலும்பு ஒட்டியதா என்று ஸ்கேனில் பார்த்தால் படம் வேறு. ஒரு பக்க விரிசலில் 71 சதவீதம் ஒட்டியது, இரண்டு பக்கமும் விரிந்திருந்தால் 18 சதவீதம்தான். ஆரம்பக் கட்டத்தில் பிடித்தவை 68 சதவீதம் ஒட்டின. முற்றிப்போனவற்றில் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஒட்டாவிட்டாலும் வலியில்லாமல் வாழலாம், விளையாடவும் செய்கிறார்கள். ஆனால் இன்னும் பத்து வருடம் வேகப்பந்து வீச ஆசைப்படுகிற பையனுக்கு அந்தப் பாலம் ஒட்டியே ஆக வேண்டும் என்றுதான் நான் நினைப்பேன். சீக்கிரம் பிடிப்பதும், வலி போனதும் ஓடிவிடாமல் இருப்பதும் அதற்குத்தான்.

ஓய்வு என்றால் படுக்கை இல்லை. பள்ளிக்குப் போகலாம், நடக்கலாம். ஓட்டம், குதித்தல், பேட்டிங், பந்துவீச்சு வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போடுவதையும் முதல் சில வாரம் தவிர்க்கலாம்.

பெல்ட் போடணுமா?

மேலே சொன்ன அதே தொகுப்பில், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குணமாவதில் குறிப்பிட்ட வித்தியாசம் இல்லை. சாதாரண வலி இருக்கும்போது சில டாக்டர்கள் கொஞ்ச நாள் போடச் சொல்வார்கள், போடட்டும். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வீசலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

என்ன பயிற்சி? யோகா செய்யலாமா?

நடக்கும்போதும் உட்காரும்போதும் வலி இல்லாமல் போனதும் ஆரம்பிக்கலாம். முதலில் இடுப்பை அசைக்காமல் வயிற்றையும் பிட்டத்தையும் வேலை வாங்கும் பயிற்சிகள். மல்லாந்து படுத்து எதிரெதிர் கை காலை இறக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர் கை காலை நீட்டுவது, சைடு பிளாங்க், பிட்டத்தை மட்டும் தூக்கும் பிரிட்ஜ். கூடவே தொடைப் பின்தசைக்கும், இடுப்பின் முன்தசைக்கும் மெதுவாக இழுப்புக் கொடுப்பது. இரண்டாவது கட்டத்தில் ஸ்குவாட், எடை தூக்குதல், ஒற்றைக் காலில் சமநிலை. அதற்கப்புறம் குதித்து இறங்கப் பழகுவது. பந்துவீச்சாளருக்கு இது ரொம்ப முக்கியம், முன்கால் வந்து குத்தும்போது முழங்காலும் இடுப்பும் சரியாமல் தாங்க வேண்டும்.

யோகாவில் மூச்சுப் பயிற்சி தாராளமாகச் செய்யட்டும். ஆனால் புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் மூன்றும் எலும்பு ஆறும்வரை கூடாது. முதுகு வலிக்கு என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது புஜங்காசனம்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அது நேராக விரிசல் மேலேயே அழுத்தும். யோகா மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்.

ஒரு பையன் எவ்வளவு வீசலாம்?

எல்லாக் கேள்விகளிலும் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாக வயதுவாரியாக ஒரு வரம்பு வைத்திருந்தது. 13 வயது வரை ஒரு ஸ்பெல்லில், அதாவது இடைவெளி விடாமல் வீசும் ஒரு சுற்றில், 5 ஓவர், ஒரு நாளைக்கு மொத்தம் 10. 14, 15 வயதுப் பிரிவில் 6 ஓவர், நாளைக்கு 12. 16, 17 வயதுப் பிரிவில் 7 ஓவர், நாளைக்கு 18. வாரத்தில் சில நாட்கள் கட்டாய ஓய்வும் உண்டு. உங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை என்றாலும் இதை நீங்களே பின்பற்றலாம்.

சிக்கல் எங்கே என்றால், நம் பிள்ளைகள் நாலு இடத்தில் வீசுகிறார்கள். பள்ளி பி.டி. சாருக்கு அகாடமியில் போட்டது தெரியாது. அகாடமி கோச்சுக்கு கிளப் மேட்ச் தெரியாது. தெருவில் டென்னிஸ் பந்தில் போட்டதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு அம்மாவிடம் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள் என்றேன். பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு சனிக்கிழமைக்கு நேராகக் காலை நெட்ஸ் 48 பந்து, மதியம் ஸ்கூல் மேட்ச் 36, சாயங்காலம் மாடிவீட்டுப் பசங்களோடு 'சும்மா கொஞ்சம்'. அந்தக் 'கொஞ்சம்' என்ற இடத்தை அந்த அம்மா அடித்துவிட்டு, மகனிடம் கேட்டு 30 என்று எழுதியிருந்தார்கள். கூட்டினால் 114 பந்து, 19 ஓவர். பையனுக்கு வயது 14. அந்த நோட்டைக் கோச்சிடம் காட்டச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதிர்ந்துபோனார். அவருக்குத் தெரிந்தது 48 மட்டும்தானே.

வாரக் கணக்கு திடீரென்று எகிறக் கூடாது. பரீட்சை என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு முகாமில் முதல் நாளே முழு வேகத்தில் வீசுவதுதான் ஜூன் மாத வலியின் பிறப்பிடம். இன்னொன்று, கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தைக் குறியுங்கள். 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் வேக வளர்ச்சி நடக்கிறது. அந்த மாதங்களில் பந்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆக்‌ஷனை மாற்றணுமா?

பந்து வீசும் விதத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் இருக்கிற 'மிக்ஸ்டு ஆக்‌ஷன்' முதுகை அதிகம் முறுக்குகிறது. பக்கவாட்டில் அதிகம் சாய்வதும் பாரமே. ஸ்லோ மோஷனில் மொபைலில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் வலியோடு இருக்கும்போது ஆக்‌ஷனில் கை வைக்காதீர்கள். எலும்பு ஆறிய பின், நடந்து வந்து வீசும் கட்டத்தில், பொறுமையாக மாற்றலாம்.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பு விரிசலோடு திரும்பியவர். ஆக்‌ஷனைச் சீரமைத்து, கடுமையாக உடலைத் தயார்செய்து, 1974-75-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் மறுபடி வேகமாக வீசினார். அதே லில்லிதான் 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் 2012 வரை நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே ஒரு மேட்ச்?

வேண்டாம். மாவட்டத் தேர்வு என்றாலும் வேண்டாம். அடுத்த வருடமும் தேர்வு நடக்கும்.

சாப்பாட்டில் என்ன கவனிக்கணும்?

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயது வரை நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை, 16 முதல் 18 வரை 1050. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 இருக்கிறது. களி, அடை, கூழ் எதுவானாலும் சரி. கூட இரண்டு டம்ளர் பாலோ மோரோ தயிரோ, கொஞ்சம் முருங்கைக் கீரை, நெத்திலி. வெயில் கொட்டுகிற ஊரிலும் வைட்டமின் டி குறைவது சகஜம், ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

மகள் விளையாடுகிறாள். அவளுக்குத் தனியாக ஏதாவது?

மாதவிலக்கைக் கேளுங்கள். மூன்று மாதமாக வரவில்லை, அல்லது பதினைந்து வயதாகியும் ஆரம்பிக்கவில்லை என்றால், ஓடுகிற ஓட்டத்துக்குத் தேவையான சாப்பாடு உள்ளே போகவில்லை என்று பல சமயம் அர்த்தம். அந்த நிலையில் எலும்பு பலவீனமாகிறது, விரிசலும் எளிதில் வருகிறது. பெண் பிள்ளைகள் இதை ஆண் கோச்சிடம் சொல்ல மாட்டார்கள், பல வீடுகளில் அம்மாவிடமே சொல்வதில்லை. "விளையாடினால் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆபரேஷன் தேவைப்படுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு மேல் முறையாக ஓய்வும் பயிற்சியும் எடுத்தும் வலி நிற்கவில்லை என்றால் விரிசலைத் திருகாணியால் இணைப்பது பற்றி சர்ஜன் பேசுவார். இரண்டு பக்கமும் உடைந்து, மேல் கண்ணி முன்னால் நழுவுவதும் உண்டு. அதுதான் ஸ்பாண்டிலோலிஸ்தசிஸ். கால் பங்குக்குள் நழுவியிருந்தால் முதல் நிலை. அந்த நிலையிலும் பலர் விளையாடுகிறார்கள், உயரம் நிற்கும்வரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பார்கள்.

"அண்ணா, நான் மறுபடி ஃபாஸ்ட் போடுவேனா?"

இது பெற்றோர் கேட்பதில்லை. அவர்கள் பில் கட்டப் போன நேரத்தில் பையன் கேட்பது. தம்பி, அதற்கு இப்போதே தேதி சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் உன் மாதிரி வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவும் வீசுகிறார்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், பதினெட்டு வயதில், ஜோஹனஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட், ஆட்ட நாயகன். அதன் பிறகு காயங்கள், முதுகில் திரும்பத் திரும்ப விரிசல். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். ஐந்து வருடத்துக்கும் மேல். 2023-இல் அகமதாபாத்தில் கேப்டனாக உலகக் கோப்பையை வாங்கியதும் அவர்தான்.

உனக்கு அவ்வளவு நாள் ஆகாது. பன்னிரண்டாவது வாரம் திரும்பப் பரிசோதிப்போம். எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கு நின்ற இடத்திலிருந்து 12 பந்து, பாதி வேகம், அடுத்த நாள் லீவு. அப்புறம் நடந்து வந்து, அப்புறம் பாதி ரன்-அப், அதற்குப் பிறகுதான் முழு ரன்-அப். அதுவரை மேட்ச் நாளில் வீட்டில் படுத்திருக்காதே. டீமோடு போ, ஸ்கோர் புக்கை வாங்கி நீயே எழுது. வரும்போது அந்தப் புக்கை எடுத்து வா, யார் யாருக்கு எங்கே பந்து போட்டிருக்கணும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.